போட்டிலேயே ஏறி வந்து சொல்லித்தரும் எஞ்சின் பராமரிப்புப் பயிற்சி: எடுக்கலாமா?

தேங்காப்பட்டணம், விழிஞ்ஞம், நீண்டகரை, கொச்சி தோப்பும்படி துறைமுகங்களில் ஆழ்கடல் போட்டுகளுக்கு நேரில் ஏறி வந்து எஞ்சின் பராமரிப்பு கற்றுக்கொடுக்கும் குழு ஒன்று இயங்கிவருகிறது. கடற்படையில் எஞ்சின் ரூமிலும் மின்பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கூலி ஆள் கணக்கில் கிடையாது, போட்டுக் கணக்கில்தான். ஒரு நாள் போட்டைப் பார்வையிடுவது, இரண்டு நாள் துறைமுகத்தில் எஞ்சினை நிறுத்தி வைத்துப் பாடம், ஒரு நாள் கடலில் ஓட்டிப் பாடம் என்று மொத்தம் நான்கு நாள். முதல் தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணம்) முடிந்து திரும்பியதும் அரை நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடல் நாளுக்கான டீசல் முதலாளி செலவு.

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் போட்டு வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: இதனால் நடுக்கடலில் எஞ்சின் நிற்பது குறையுமா? குறையும். ஆனால் எல்லாக் கோளாறும் குறையாது. எது குறையும், எது குறையாது என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுப்பது நல்லது.

இந்தப் பயிற்சியின் உயிர், அது வகுப்பறையில் நடக்காததுதான். கொச்சியில் 1963 முதல் இருக்கும் சிஃப்நெட் (மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம்) போன்ற நிறுவனங்களில் படித்து எஞ்சின் டிரைவர் சான்றிதழ் எடுத்தவர்கள் நம் பக்கம் நிறைய பேர். அடிப்படை அங்கேதான் கிடைக்கும், அதற்கு இது மாற்று கிடையாது. ஆனால் வகுப்பில் மேஜைமேல் வைத்துக் கழற்றிய பம்பும், போட்டில் கிளட்ச் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் கை எட்டும் பம்பும் வேறு வேறு. மேஜையில் நான்கு திருகும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். போட்டில் நான்காவது திருகு தெரியவே தெரியாது, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்கணும். திருகு கை தவறி பில்ஜில் (போட்டின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) விழுந்தால் அதோடு போச்சு. அதற்காக அடியில் துணி விரிப்பது முதல் பாடத்திலேயே வருகிறது.

கடற்படைகள் இதை விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். ஸ்டியரிங் பழுதாகவில்லை. அதன் கட்டுப்பாடு தெரியாமல் இன்னொரு மேஜைக்கு மாறியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க முடியாமல் ஸ்டியரிங்கே போய்விட்டது என்று நினைத்தார்கள். அங்கே நின்றவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள், அந்தக் கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையில் முறையான பயிற்சி பெறாதவர்கள். நம் ஊரில் டிரைவர் தங்கலுக்குத் தங்கல் போட்டு மாறுவது சாதாரணம். இந்த போட்டில் டீசல் வால்வு இடப்பக்கம், அந்த போட்டில் தட்டுக்கு அடியில். இருட்டில், போட்டு உருளும்போது, அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் முதல் நாள் முழுக்க வால்வுகளுக்குப் பெயர் எழுதித் தகடு கட்டும் வேலைதான். வாங்கும் கூலிக்கு இதுவா வேலை என்று சிலருக்குத் தோன்றும். எங்கள் கணிப்பில் நான்கு நாளில் மிகப் பயனுள்ள நாள் அதுதான்.

டீசல் லைன்

பாடத்தில் அதிக நேரம் டீசலுக்கே போகிறது, போகவும் வேண்டும். கடல் கெட்டிருக்கும்போதுதான் எஞ்சின் நிற்கிறது என்று எல்லோரும் சொல்வோம், விதி என்று விட்டுவிடுவோம். காரணம் டாங்கின் அடியில் இருக்கிறது. அடியில் தேங்கிய தண்ணீர், அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கறுத்த வழுவழுப்பு, துரு எல்லாம் அமைதியான கடலில் அப்படியே படிந்து கிடக்கும். போட்டு உருள ஆரம்பித்தால் கலங்கி உறிஞ்சுகுழாய்க்கு வந்து பில்டரை அடைக்கும். இருக்கிறதிலேயே மோசமான நேரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அவர்கள் கட்டாயமாக்கும் பழக்கம் சின்னது. தினமும் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கணும். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கறுப்பு நூல் நூலாக மிதந்தால் டாங்குக்குள் அழுக்கு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம், பில்டர் கூடுதலாக எடுத்து வைக்கணும். தெளிந்த டீசல் வரும்வரை பிடித்துவிட்டுத் திருகை மூடணும். பிடித்ததைக் கடலில் கொட்டாமல் கேனில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பில்டர் மாற்றிய பிறகு ஏர் எடுப்பதை, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை, பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சின் நின்றதும் நேரே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நட்டைத் தளர்த்திக் கிராங்க் பண்ணுவார்கள் (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றுவது), பேட்டரி தீர்ந்துபோகும். கடல் நாளில் இதை நேரிலேயே பார்க்கலாம். பயிற்சி தருபவர் டீசல் வால்வை யாருக்கும் தெரியாமல் மூடிவிடுகிறார், எஞ்சின் இருமி நிற்கிறது, டிரைவர் கை ஸ்பேனருக்குப் போகிறது.

"ஸ்பேனர எடுக்காத மக்களே. டீசல் எதுவரைக்கும் வருதுன்னு முதல்ல பாரு."

"சாரே, பில்டருக்கு வரல்ல."

"அப்போ பில்டருக்கு முன்னால உள்ளத பாரு. பின்னால உள்ளதத் தொடாத."

டாங்க் வால்வு, செபரேட்டர், லிப்ட் பம்ப், பில்டர், இன்ஜெக்ஷன் பம்ப் என்று டாங்கிலிருந்து எஞ்சினை நோக்கித்தான் தேடணும். ஏர் எடுப்பதும் அதே திசையில்தான். பில்டர் தலையிலுள்ள ஏர்த் திருகை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருக்கணும். நுரை நின்று முழு டீசல் வந்ததும், பம்ப் அடித்துக்கொண்டே திருகை மூடணும். அடுத்தது இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. அதன்பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்தான் இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவது. கிராங்க் ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிஷம் ஸ்டார்ட்டர் ஆறணும்.

ஒரு எச்சரிக்கையை இவர்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம். காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) வைத்திருப்பவர்கள் உயரழுத்த லைன் நட்டை எஞ்சின் ஓடும்போதோ கிராங்க் செய்யும்போதோ தளர்த்தவே கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலே போகும். ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடும். அந்த எஞ்சினில் புதுப் பில்டரைக் கேன் டீசலால் நிரப்பிப் போடுவதும் தப்பு, வடிகட்டாத டீசல் நேரே இன்ஜெக்டருக்குப் போகும். பாடம் பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இது பெரிய குறை, மீண்டும் வருவோம்.

கடல்தண்ணி பம்ப்

இம்பெல்லர் (கடல்தண்ணியை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்க அனுப்பும் ரப்பர் சக்கரம்) மாற்றுவது தெரியாத டிரைவர் இல்லை. மாற்றிய பிறகும் ஏன் எஞ்சின் சூடாகிறது என்பதற்குத்தான் பதில் தெரிவதில்லை. துறைமுகப் பாடத்தின்போது ஒரு போட்டில் கழற்றிய இம்பெல்லரில் பன்னிரண்டு இதழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன. புதுசைப் போட்டு மூடிவிடுவதுதான் எங்கும் வழக்கம். இவர்கள் விடவில்லை. மூன்று இதழ் எங்கே என்று கேட்டு, பம்புக்கு அடுத்த குழாயைக் கழற்றச் சொன்னார்கள். ஒன்று வளைவில் கிடந்தது. கடல்தண்ணி எஞ்சின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தால் மற்ற இரண்டும் குழல்களின் வாயில் ஒட்டிக் கிடந்தன, அவற்றோடு முன்னொரு காலத்தில் உடைந்த, கல்லாகக் காய்ந்த வேறு இதழ்த் துண்டுகளும். அந்த எஞ்சின் எத்தனை தங்கல் அரைத் தண்ணீரில் ஓடியிருக்கும்!

இதழை எண்ணு, குறைந்ததைத் தேடு. இந்த ஒரு பழக்கத்துக்கே பாதிக் கூலி கொடுக்கலாம்.

மற்றபடி முறை இதுதான். கடல் வால்வை மூடி, மூடியதற்கு அடையாளமாக ஸ்டார்ட் சாவியை அந்த வால்விலேயே தொங்கவிடணும். வால்வு மூடியிருக்கும்போது யாரும் எஞ்சினைப் போட முடியாது, கழற்றுகிறவர் கைக்கும் பாதுகாப்பு. கடற்படையில் பூட்டு, அட்டை என்று செய்வதை இவர்கள் சாவியாக மாற்றியிருப்பது நல்ல யோசனை. இம்பெல்லரை இரண்டு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் பம்பின் உள்முகம் கீறும், கீறலில் காற்று இழுக்கும். புல்லர் வேண்டும். புதுசுக்கு கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணி தடவணும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதும். இதழ்கள் சுழலும் திசைக்குப் பின்னே சாய்ந்திருக்கும்படி திருகிக்கொண்டே உள்ளே தள்ளணும். மூடித் தகட்டில் விரல் நகம் மாட்டும் அளவு தேய்மானம் இருந்தால் தகட்டைத் திருப்பிப் போடலாம், இரு பக்கமும் தேய்ந்தால் புதுசு. கடைசியில் வால்வைத் திறந்து, எஞ்சினைப் போட்டு, வெளியே தண்ணீர் விழுகிறதா என்று ஒருவர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கணும். தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடினாலே ரப்பர் கருகிவிடும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இம்பெல்லரைக் கழற்றி வைக்கச் சொல்வதும் சரி. குமரி மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ், ஆகஸ்ட் முதல் ஓட்டத்தில் மடிப்பிலேயே பிளக்கும்.

ஸ்டெர்ன் கிளாண்ட், ஆயில், மற்றவை

ஷாப்ட் போட்டின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்திலுள்ள கிளாண்டில் தண்ணீர் சொட்டினாலே நட்டை முறுக்குவது நம் பக்கத்துப் பழக்கம். ஓடும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு விழணும், அதுதான் உள்ளே அடைத்திருக்கும் பேக்கிங் கயிற்றைக் குளிர்விக்கிறது. வறண்டால் பேக்கிங் காய்ந்து ஷாப்டைத் தின்னும். தின்ற ஷாப்டில் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும், பிறகு மறுபடி முறுக்குவோம், மறுபடி தின்னும். பழைய பேக்கிங்கின் மேலேயே ஒரு வளையம் சேர்ப்பதை இவர்கள் அனுமதிப்பதில்லை. கொக்கி போட்டு எல்லாவற்றையும் எடுத்து, புதுசை ஷாப்டில் சுற்றி 45 டிகிரி சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் ஒட்டும் அடுத்ததற்கு நேரே வராமல் 120 டிகிரி தள்ளிப் போடுகிறார்கள். நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவு. ஒரு மணி நேரம் ஓட்டி, கிளாண்டைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் சூடு என்றால் விடலாம்.

கப்ளிங் நேர்த்தி (எஞ்சினும் ஷாப்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று) பார்ப்பதைத் தண்ணீரில்தான் செய்கிறார்கள், அதுவும் இறக்கி ஒரு நாள் கழித்து. கரையேற்றி நிற்கும்போது உடல் வளைந்திருக்கும், அங்கே எடுத்த அளவு பொய். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள முகத்தில் நான்கு பக்கமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் நிற்கணும்.

ஆயில் விஷயத்தில் ஒரு எளிய கணக்கு எல்லோரையும் யோசிக்க வைக்கும். 35 நாள் தங்கல், நாளுக்கு 14 மணி எஞ்சின் ஓட்டம் என்று வைத்தால் 490 மணி. கையேடு 250 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொன்னால், கரைக்கு வந்து மாற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது, நடுக்கடலில் ஒரு தடவை மாற்றியே ஆகணும். அதைச் செய்ய வைத்துக் காட்டுகிறார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு, கைப் பம்பால் எஞ்சின் அடியிலுள்ள சம்ப்பிலிருந்து கேனுக்கு. புதுப் பில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று, அதுவும் கையால் மட்டும். பழைய பில்டரைப் பிளந்து காகித மடிப்பை விரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மினுங்கும் துகள் இருந்தால் அந்தத் தங்கலோடு எஞ்சினைக் கரையில் திறக்கணும். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. பால் நிறமென்றால் தண்ணீர்.

பெல்ட் (நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் தாழணும்), ஜிங்க் கட்டை (மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைவது, பாதி கரைந்ததும் மாற்று, மேலே பெயின்ட் அடிக்காதே), ஹோஸ் கிளிப் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. போதும்.

மின்சாரம்: இங்கேதான் சறுக்கல்

அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க வயர்லெஸ், ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நியாயம்தான், அத்தனை பேரை இழந்த ஊர். ஆனால் போட்டில் பொருத்தியிருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி கம்பியின் நுனியில் பச்சை பூத்தால் கருவியும் ஊமை. இதற்கு அரை நாள் என்பது அநியாயம்.

சொல்லித்தருவது தரமானதுதான். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் நிறைவு, 12 பக்கம் வந்தால் தீரப்போகிறது, எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் நடுவே நிற்கணும். 24 வோல்ட் என்றால் இரட்டிப்பு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை என்றதும் அதை மாற்றுவதற்கு முன், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்து, எஞ்சின் ஓடும்போது லைட்டெல்லாம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் கம்பி. நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கி, அதுவும் சார்ஜ் ஆகாமல் நின்ற போட்டுகள் எத்தனையோ. ஆனால் இந்தச் சோதனையை டிரைவர் கையால் நான்கு தடவையாவது செய்தால்தான் நிற்கும். அரை நாளில் ஒரு தடவைக்கே நேரமில்லை. தனியாக ஒரு நாள் கேட்டு வாங்குங்கள், கூடுதல் கூலி கொடுத்தாவது.

நம்பகத்தன்மை உண்மையில் கூடுகிறதா?

கடற்படைக்காரர்கள் இதை இரண்டு எண்ணால் பார்ப்பார்கள்: ஒரு கோளாறுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மணி ஓடியது, கோளாறு வந்தால் சரிசெய்ய எத்தனை மணி ஆனது. ஓடிய மணியை, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எஞ்சின் எத்தனை பங்கு நேரம் கைக்கு உதவியது என்று தெரியும். கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு: 300 மணிக்கு ஒரு கோளாறு, சரிசெய்ய 12 மணி என்றால் 96.2 சதவீதம். கோளாறை 600 மணிக்கு ஒன்றாகப் பாதியாக்கினால் 98. கோளாறு அதே 300 மணிக்கு ஒன்றாக வந்தாலும் சரிசெய்யும் நேரத்தை 3 மணியாக இறக்கினால் 99. பயிற்சியின் பெரிய லாபம் இந்த இரண்டாவது எண்ணில்தான் விழுகிறது. பார்ட்ஸ் மாற்றும் நேரம் அவ்வளவாகக் குறையாது. கோளாறு எங்கே என்று தேடும் நேரம்தான் உருகிவிடுகிறது. பயிற்சி எடுத்த போட்டுகளில் கண்கூடாகத் தெரிவது இது. இரண்டாவதாகத் தெரிவது, சரிசெய்த கோளாறே பத்து நாளில் திரும்பி வருவது நிற்கிறது, ஏனென்றால் காரணத்தைத் தேடி எடுக்கிறார்கள்.

தண்ணீர், டீசல், ஆயில், பெல்ட், கிளாண்ட், பேட்டரி கம்பி: இவை குறையும். இன்ஜெக்ஷன் பம்ப், டர்போ, கியர்பாக்ஸ் உள்வேலை: குறையாது. அவை கரைப் பட்டறை வேலை, நடுக்கடலில் திறக்கவே கூடாது. இதை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்வது எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. பயிற்சி எடுத்த புதுசில் டிரைவருக்குக் கை துறுதுறுக்கும், நன்றாக ஓடுவதையும் திறந்து பார்ப்பார். அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் 1978இல் வெளியிட்ட அறிக்கையில், விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் வயதால் தேய்ந்து பழுதாகும் போக்கு தெரிந்தது. மீதி 89 சதவீதத்துக்குக் காலக்கெடு வைத்துப் பிரித்து மாற்றுவதால் பயனில்லை. பெரும்பங்கு பாகங்கள் புதுசாகப் பொருத்திய ஆரம்பத்தில்தான் அதிகமாகப் பழுதாயின. விமானம் வேறு, போட்டு வேறு. உப்புத்தண்ணி இம்பெல்லருக்கு வயது உண்டு, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அளவு சரியாக இருக்கும் வால்வு மூடியைச் சும்மா திறந்து மூடினால் கேஸ்கட் ஒழுகலைத் தவிர எதுவும் கிடைக்காது. அதற்குத்தான் லாக் புத்தகம். ஒவ்வொரு காவலுக்கும் ஆர்.பி.எம், தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர், புகை நிறம், பில்ஜ் தண்ணீர் என்று ஐந்து கட்டம். அதே ஆர்.பி.எம்மில் 78 டிகிரி காட்டியது நான்கு நாளில் 84க்கு வந்தால், அலாரம் அடிக்கும் முன்னரே கடல்தண்ணியை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறக்கலாம். எண் அசையாவிட்டால் கை வைக்காதே.

லாக் எழுதும் பழக்கம் இரண்டாவது தங்கலில் நின்றுபோவதுதான் பொதுவாக நடப்பது. ஸ்ராங்கு (போட்டின் தலைவர்) தினம் ஒரு தடவை கேட்டுக் கையெழுத்துப் போடும் போட்டில் மட்டும் நிற்காமல் தொடர்கிறது. ஆகவே ஸ்ராங்கையும் ஒரு நாள் உட்கார வையுங்கள்.

குறைகள்

பராமரிப்பு அட்டை முறை கடற்படையிலிருந்து வந்தது. ஒரு வேலைக்கு ஒரு அட்டை, அதில் வேலை எப்போது, எந்த ஸ்பேனர், எந்த பார்ட்ஸ், என்ன எச்சரிக்கை, வரிசையாகப் படிகள். அருமையான ஏற்பாடு. ஆனால் தமிழ் அட்டையை எழுதியவர் எஞ்சின் ரூம் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இம்பெல்லருக்குச் 'சுழலி', கிளாண்டுக்கு 'முத்திரைப் பெட்டி' என்று போட்டிருக்கிறார். டிரைவர்கள் மலையாள அட்டையை எடுத்துக்கொள்கிறார்கள், அதிலாவது இம்பெல்லர் இம்பெல்லராகவே இருக்கிறது. ஒடிசா, வங்காளம், அசாமிலிருந்து வந்து போட்டில் வேலை செய்பவர்களுக்கு எந்த அட்டையும் இல்லை. அவர்களுக்குப் படம் போட்ட அட்டை கட்டாயம் வேண்டும், இரவுக் காவலில் எஞ்சின் பக்கம் நிற்பது பல நேரம் அவர்கள்தான்.

அடுத்தது காலம். எல்லோரும் தடைக்காலத்தில்தான் கூப்பிடுகிறார்கள். அப்போது கடல் நாள் நடக்காது, ஆகஸ்டுக்குத் தள்ளுகிறார்கள். ஆகஸ்டில் போட்டு ஓடவே தொடங்கிவிடும், யாருக்கும் ஒரு நாள் கிடைக்காது. கடல் நாள் இல்லாத பயிற்சி பாதிப் பயிற்சிதான். இந்தக் குழு முழுக் கூலியையும் முன்கூட்டி வாங்குவது சரியில்லை, கடல் நாள் முடிந்த பிறகு பாதி என்று வைக்கணும்.

திரும்பி வந்து பார்க்கும் அரை நாளும் தேங்காப்பட்டணத்திலோ கொச்சியிலோ இறக்கினால்தான் கிடைக்கிறது. கர்நாடகத்தின் மல்பேயிலோ குஜராத் பக்கமோ மீன் இறக்கும் போட்டுகளுக்குத் தொலைபேசியில் கேள்வி கேட்பதோடு சரி. காமன் ரெயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் முன்பே சொன்ன காரணத்தால் இப்போதைக்குப் பொறுக்கலாம். இல்லை, தண்ணீர், கிளாண்ட், மின்சாரப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சின் பகுதிக்கு உற்பத்தியாளரின் பயிற்சியைக் கேளுங்கள்.

ஒருவரை மட்டும் உட்கார வைக்கும் தப்பைச் செய்யாதீர்கள். டிரைவரோடு இன்னும் இரண்டு பேர் வேண்டும். டிரைவர் அடுத்த தங்கலுக்கு வேறு போட்டுக்குப் போனால் படித்ததெல்லாம் அவரோடு போய்விடும். பெரிய கடற்படைகளுக்கே இந்த நோவு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் மேற்பரப்புக் கப்பல்களைப் பற்றி 2010இல் ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் பாலிசில் தலைமையிலான குழு தந்த அறிக்கை, ஆட்களைக் குறைத்ததும் நேரில் கற்பிப்பதை விட்டுக் கணினிப் பாடத்துக்கு மாறியதும் கப்பலின் பராமரிப்பைத் தளர்த்தியதாகச் சொன்னது. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

கூப்பிடுவதற்கு முன்

ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ, இரண்டு தங்கலுக்கு நடுவே, போட்டு தண்ணீரில் நிற்கும்போது கூப்பிடுங்கள். எஞ்சின் கையேட்டின் நகல், இப்போது ஓடிய மணி, கடந்த ஒரு வருஷம் வாங்கிய பார்ட்ஸ் பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். எந்த பார்ட்ஸ் இரண்டு தடவைக்கு மேல் வாங்கப்பட்டதோ அங்கிருந்துதான் அவர்கள் தொடங்குவார்கள். பாடத்துக்கென்று இரண்டு இம்பெல்லர், கேஸ்கட்டோடு. டீசல் பில்டர் நான்கு. ஆயில் பில்டர் ஒன்று. ஷாப்டுக்கு ஏற்ற பேக்கிங் ஒரு மீட்டர். பெல்ட் ஒரு செட். டிஜிட்டல் மீட்டர், ஃபீலர் கேஜ், இம்பெல்லர் புல்லர். பாடத்தில் செலவாகாமல் மிஞ்சுவது போட்டிலேயே இருக்கட்டும், தண்ணீர் புகாத டப்பாவில், மூடியின் உட்புறம் என்ன எத்தனை என்று எழுதி. கரைக்கு எடுத்துப் போனால் அடுத்த தங்கலுக்கு அது திரும்பி வராது.